கொழுக்கட்டை விழாத பேணி

ஓல்டன், சுவிற்சர்லாந்து,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய சிவமலர் பெரியம்மாவுக்கு ஜெனனி எழுதிக்கொள்வது.

நேற்று, உங்கள் பேரன் ஆரனுக்குப் பல் முளைத்ததைக் கொண்டாடி அவன் தலையில் கொழுக்கட்டை சொரியக் கூடிய பல்லுக்கொழுக்கட்டையில், நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. "மூடியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இடப்பக்கம் திருப்புங்கோ." ஐந்தே சொற்கள். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு குத்துவிளக்கு மட்டும்தான் இருந்தது. சத்தம் போடக்கூடத் தேவைப்பட்டிராது. ஆனாலும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று விளக்கவும், உங்களிடம் இருக்கும் ஒரு பொருளைப் பணிவோடு திருப்பிக் கேட்கவுமே இந்தக் கடிதம்.

நானும் அம்மாவும் சுகம். நீங்களும் பெரியப்பாவும் சுகமாக இருப்பதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட இருபத்திரண்டு படங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். நேற்று மாலை ஏழேகாலுக்கு அந்தக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதால் அம்மாவின் தொலைபேசியில் பார்த்தேன். இன்று காலை உங்கள் ஃப்ரிபூர்க் வீட்டுக்கு அழைப்பு எடுத்தபோது பெரியப்பா, "அவ கோயிலுக்குப் போட்டா பிள்ளை" என்றார். "வரப் பிந்துமெண்டும் சொல்லுங்கோ" என்று பின்னால் நின்று நீங்கள் சொன்னதும் கேட்டது. ஆகவே எழுதுகிறேன். வரி அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களையே இரண்டு தரம் வாசிப்பவர் நீங்கள். இதையும் வாசிப்பீர்கள்.

நான் திருப்பிக் கேட்பது அந்தப் பேணியை; அந்த மூடிக் குவளை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் நீங்கள் "பிளாஸ்ரிக் கொம்பனியிலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவது எனக்குத் தெரியும். உண்மையில் நான் சிறு பிள்ளைகளுக்கான தின்பண்டப் பேணிகளை வடிவமைக்கிறேன். பிள்ளை பேணியைக் கவிழ்க்கும், எறியும், தள்ளுவண்டியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிடும். உள்ளே இருப்பது கொட்டக்கூடாது. ஆனால் பிள்ளையின் கை உள்ளே போய் வரவேண்டும். அதற்காக மூடியில் மெல்லிய சிலிக்கோனில் ஆறு இதழ்கள், ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைத்திருக்கிறோம். இதைச் செய்ய எனக்கு ஒன்பது மாதம் ஆனது. டிலக்ஷி அக்காவுக்கு ஆரனைப் பெறவும் அவ்வளவு காலமே எடுத்தது என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். ஒப்பீடு சரிதான், ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு அரைப்பதுபோல் எனக்கு யாரும் காயம் அரைத்துத் தரவில்லை.

இப்போது இருப்பது கையால் செய்த ஒரேயொரு மாதிரி. வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய கடைத்தொடரின் ஆட்கள் வந்து அதைப் பார்க்கிறார்கள். பிடித்தால் உருக்கில் அச்சு வெட்டுவார்கள். வெட்டியபின் ஒரு மயிரிழைகூட மாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. நான் நிரந்தர வேலையில் இல்லை. என் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது, செவ்வாய்க்கிழமை சரிவந்தால் புதுப்பிப்பார்கள். இது அம்மாவுக்குத் தெரியாது. தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

ஒரேயொரு மாதிரி என்பதால் அதை வீட்டில் தனியே விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. கைப்பையில் வைத்து ஃப்ரிபூர்க்குக்குக் கொண்டுவந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது. கொழுக்கட்டை சொரிய நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் வெள்ளிக் கிண்ணத்தை நொஷாட்டலில் யாருடைய மகளின் சாமத்தியவீட்டுக்கோ கொடுத்து அது இன்னும் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியாது, அம்மா குசினியில் எவர்சில்வர் கிண்ணத்தை எடுக்கப் போக "உது படத்துக்கு வடிவில்லை பத்மினி" என்று நீங்கள் தடுத்ததும் எனக்குத் தெரியாது, அம்மா வேறு வழியில்லாமல் என் கைப்பைக்குள் கைவிட்டு "இஞ்சை அக்கா, புத்தம் புதுசு, ஆரும் வாய் வைக்கேல்லை" என்று பேணியை எடுத்ததும், தேங்காய்ப்பல் குத்திய கொழுக்கட்டைகளை அதற்குள் நிரப்பி, ஆறிப்போகாமல் இருக்க மூடியை வைத்து அமத்தியதும் எனக்குத் தெரியாது. மூடி 'டக்' என்று பூட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒலியைச் சரிசெய்யவே எங்களுக்கு இரண்டு வாரம் எடுத்தது. நான் அப்போது கூடத்தில், கொழுக்கட்டையை ஏந்த விரித்த வெள்ளைத்துணியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் பேணியோடு வந்தீர்கள். மூடியிலிருந்த ஆறு இதழ்களைப் பார்த்து அதைப் பன்னீர்ச்செம்பு மாதிரியான ஒன்று என்று நினைத்திருப்பீர்கள். அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆரனின் தலைக்கு மேலே பேணியைக் கவிழ்த்தீர்கள். எதுவும் விழவில்லை. குலுக்கினீர்கள். எதுவும் விழவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்த பிருந்தன், "அன்ரி, கமராவைப் பாத்துக்கொண்டு குலுக்குங்கோ" என்றான். கமராவைப் பார்த்துக் குலுக்கினீர்கள். ஆரன் அண்ணாந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா, "இஞ்சேரும், அடியிலை ஒரு தட்டுத் தட்டும்" என்றார். "தட்டுறதுக்கு இதென்ன உங்கடை ரேடியோவோ?" என்றீர்கள், ஆனாலும் தட்டினீர்கள். கொழுக்கட்டை சொரிய நின்ற மற்ற நான்கு சுமங்கலிகளும் ஒருவர்பின் ஒருவராக வாங்கிக் குலுக்கினார்கள். திறக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் வலப்பக்கம் திருப்பினார்கள். அது இன்னும் இறுகியது. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மதாம் சத்தம் தாங்காமல் முறையிட மேலே வந்தார். நீங்கள் அவரை முறையிட விடவில்லை. "வெள்ளைக்காரிக்கு விளங்கும், குடுங்கோ" என்று பேணியை அவர் கையில் கொடுத்தீர்கள். மதாமும் ஆரனின் தலைக்கு மேலே குலுக்கினார். சப்பாத்தோடு நின்றார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் குசினியில் மிஞ்சியிருந்த ஆறு கொழுக்கட்டைகளைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

இந்த இடத்தில்தான் நான் அந்த ஐந்து சொற்களையும் சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரம் பேணியை ஐம்பது தரம் குலுக்கும், அதற்குமேல் குலுக்கத் தேவையில்லை என்று விட்டுவிடுவோம். நீங்கள் தனியே அறுபத்தொரு தரம் குலுக்கினீர்கள். எல்லாரும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று. வெள்ளைத்துணி பிடிக்காத மற்றக் கையால் அழைப்பிதழின் பின்புறத்தில் குறித்து வைத்தேன். அவ்வளவு பேர், அவ்வளவு கோபத்தோடு, ஒரு பேணியைச் சோதித்ததை நான் எங்கும் வாசித்ததுகூட இல்லை. நிறுத்த மனம் வரவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்போது எல்லாருக்கும் கேட்கும்படி நீங்கள் சொன்னது இது: "உலகத்திலை எல்லாரும் கொட்டுறதுக்குப் பேணி செய்வினம். இவள் ஒருத்தி கொட்டாமலிருக்கச் செய்திருக்கிறாள்."

இதைவிடச் சுருக்கமாக என் வேலையை யாரும் விளக்கியதில்லை. செவ்வாய்க்கிழமை சொல்வதற்காக ஜெர்மனில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன்.

பிறகு நீங்கள் வெறுத்துப்போய்ப் பேணியைத் தட்டில் 'டொக்'கென்று வைத்தீர்கள். தட்டில், பிள்ளை முதலில் எடுப்பதே அதன் வருங்காலத் தொழிலைச் சொல்லும் என்று, புத்தகம், பேனை, சங்கிலி, கணினி எலி, ஸ்ரெதஸ்கோப்பு எல்லாம் இருந்தன. ஸ்ரெதஸ்கோப்பு மற்றவற்றைவிட ஒரு சாண் முன்னால் இருந்ததை நான் கவனித்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆரன் எல்லாவற்றுக்கும் மேலாலே தவழ்ந்து போய்ப் பேணியை எடுத்தான்.

"பொடியன் கன்ரீன் போடப்போறான்" என்றார் பெரியப்பா.

"வாயை மூடுங்கோ. அது கணக்கில்லை, திரும்ப வையுங்கோ" என்றீர்கள்.

"ஏன் கணக்கில்லை? சித்தியைப்போலை பேணி செய்யப்போறான்" என்று பிருந்தன் சொன்னதும் நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

அதன்பிறகு நடந்ததைத்தான் 'கை சிக்கியது' என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். பணிவோடு மறுக்கிறேன். ஆரன் இதழ்களுக்குள் கையை விட்டான். ஒரு கொழுக்கட்டையைப் பொத்திப் பிடித்தான். கை வெளியே வரவில்லை. அழுதான். நல்லெண்ணெய் விட்டு, டிலக்ஷி அக்கா சங்கிலியை ஆட்டிக் காட்டி, அவன் கொழுக்கட்டையை விட்டபின் கை வந்தது. பதினொரு நிமிடம். இதில் சிக்கியது எங்கே? வெறுங்கையாக இருந்தால் தாராளமாக வந்திருக்கும். அவன் பிடித்ததை விடவில்லை. அது பிடிவாதம். எங்கள் குடும்பத்தில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எழுத விரும்பவில்லை. ஓல்டனில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பதினான்கு பிள்ளைகளோடு மூன்று வாரம் இதே பேணியைப் பரிசோதித்தோம். உலர்ந்த திராட்சை, சோளப்பொரி, அப்பிள் துண்டு. ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு பிள்ளை எடுத்தபின் பேணிக்கு 'மெர்சி' என்று நன்றி சொன்னது. மேலும், பேணியின் அடியில் 'ஒரு வயதுக்கு மேல்' என்று தெளிவாகப் பொறித்திருக்கிறது. ஆரனுக்கு எட்டு மாதம். ஆகவே சனிக்கிழமை நடந்தது எந்தக் கணக்கிலும் சேராது.

போகும்போது பேணியைக் கேட்டேன். "தட்டிலை பிள்ளை எடுத்ததைப் பறிக்கக்கூடாது, முப்பத்தொரு நாள்" என்றீர்கள். இந்த விதியை நான் வாசித்த எதிலும் காணவில்லை. பெரியப்பாவும் முதல்முறை கேள்விப்படுவதாகச் சொன்னார். பிறகு, "உன்ரை பேணி பிழையெண்டு இஞ்சை எல்லாருக்கும் முன்னாலை சொல்லு, இப்பவே தாறன்" என்றீர்கள். அதையும் நான் சொல்லவில்லை. சாப்பிடாமல் கிளம்பி வந்தேன். பேணி பிழையில்லை, பெரியம்மா. அது எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள் வேண்டும். பதிலாக ஆரன் விரும்பியபடி எறிவதற்கு வேறு ஆறு பேணிகள் வாங்கி அனுப்புகிறேன். குழுவில் படங்களோடு போட்ட காணொளியையும் எடுத்துவிட்டால் பேருதவி.

ஆரனுக்குப் பல்லெல்லாம் வரிசையாக முளைத்து, அவற்றால் அவன் சொந்தக்காரர் எவரையும் கடிக்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும். பெரியப்பாவின் முழங்காலுக்கும், உங்கள் இரத்த அழுத்தத்துக்கும் நேற்று வந்த மாற்றங்கள் நிரந்தரமாக இல்லாதிருக்கவும் வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள பெறாமகள்,
ஜெனனி

பி.கு.: இதை எழுதி மூன்று வாரமாகிறது. மேலே கேட்டவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். மறுத்தவற்றையும்.

எழுதிய மறுநாள் திங்கட்கிழமை காலை இதை அஞ்சலில் போடப் புறப்பட்டபோது பெரியப்பா ஓல்டன் நிலையத்தில் நிற்பதாக அழைத்தார். துவாய்த்துணியில் சுற்றிய பேணியைத் தந்து, "ஒண்டும் கேளாதை பிள்ளை, எனக்கு ரெயினுக்கு நேரமாகுது" என்றார். ரெயினுக்கு இருபது நிமிடம் இருந்தது. திறந்து பார்த்தேன். ஆறு இதழ்களும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தன.

"ஆர் வெட்டினது?"

"ஆர், உன்ரை பெரியம்மாதான். நேற்றுப் பின்னேரம் திரும்பவும் கையை விட்டிட்டான். இந்தமுறை எண்ணெய்க்கும் வரேல்லை, சங்கிலிக்கும் வரேல்லை. விரல் எல்லாம் நீலமாப் போச்சு. இவ அழுதழுது வெட்டினவ." ரெயின் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "குறூப்பிலை போட்டதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டா. உன்னட்டைச் சொல்ல வேண்டாமாம். அதுகள் கிடந்தா உன்ரை வேலைக்கு ஏதும் வந்திடுமாம்."

ஒரு வயதுப் பிள்ளையின் கை எட்டு மாதப் பிள்ளையின் கையைவிடப் பெரிது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சனிக்கிழமை, அந்தப் பதினொரு நிமிடத்தில் முதலாவது நிமிடத்திலேயே எனக்கு இது விளங்கியது.

செவ்வாய்க்கிழமை அவர்கள் கேட்கும் முன்பே சொன்னேன். கை சிக்கியது என்றேன். பேணி பிழை என்றேன். பதின்மூன்று பேர் இருந்தார்கள்; நீங்கள் கேட்டபடி எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னேன். கடைத்தொடரிலிருந்து வந்தவர்களில் ஒருவர், நான் சொன்னது சரியாக விளங்காமல், பேணியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். இதழ்கள் இல்லாததால், காட்டுவதற்கு நான் போட்டிருந்த உலர்ந்த திராட்சை முழுவதும் அவருடைய மடியில் விழுந்தது.

இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். பிழைகளோடு அனுப்புவதே நேர்மை என்று பட்டது. அச்சு வெட்டவில்லை. கடைத்தொடர் வேறொரு நிறுவனத்திடம் போய்விட்டது. வேலைச் சான்றிதழில் என்னை 'உன்னிப்பாகக் கவனிப்பவர்' என்று எழுதித் தந்தார்கள். ஒப்பந்தம் முப்பத்தோராம் திகதியோடு முடிந்தது.