எண்பத்தெட்டாவது ஆள்

முப்பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். மருதனார்மடச் சந்தைக்குப் பின்னால் அருளம்பலம் நடத்திய கணித டியூட்டரியில் முப்பது பேர் உட்காரத்தான் வாங்கு இருந்தது. மிச்சப் பேர் நின்றார்கள். அருளம்பலத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"நான் சொன்னனான் எல்லே?" என்று கரும்பலகையைத் தட்டினார். "முதல் நாலு கிழமையும் வந்த ஆக்கள் எட்டு, பன்னிரண்டு, பதினேழு, இருபத்தேழு. மடக்கை எடுத்து, உந்தப் புள்ளியளுக்குக் கிட்டப் போற அடுக்குக்குறி வளைகோட்டைப் போட்டன். அஞ்சாம் கிழமைக்கு முப்பத்தொன்பது எண்டு வந்தது. எண்ணிப் பாருங்கோ."

மாணவி ஸ்ரெல்லா எண்ணினாள். "ஓம் சேர், சரி. அடுத்த கிழமை எத்தினை?"

"ஐம்பத்தொன்பது. அதுக்கடுத்தது எண்பத்தெட்டு."

அவள் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

ஐம்பத்தொன்பது பேருக்காகத் தேவாலய மண்டபத்து நீள வாங்குகளை இரவல் எடுத்தார். அவை வாசலால் நுழையவில்லை. பக்கத் தட்டியைப் பிரித்தார். தட்டி போனதும் கூரை சரிந்தது. கூரையைத் தாங்கி நின்ற நாலு மாணவர்களையும் சேர்த்து எண்ணினார். அச்சொட்டாக ஐம்பத்தொன்பது.

அன்றே வீட்டில் அறிவித்தார்: "இனி நான் முழுநேர டியூட்டரிதான். கந்தோர் வேலையை விடப் போறன்."

மனைவி நாகேஸ்வரி பதறிப்போனாள். "இஞ்சாருங்கோ, பென்சன் உள்ள அரசாங்க வேலை. மூண்டு பிள்ளையள் இருக்குதுகள்."

"வளைகோடு பொய் சொல்லாது."

அடுத்த சனிக்கிழமை காலை விலகல் கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டார். பின்னேரம் வகுப்பில் ஆட்களை எண்ணினார். எண்பத்தேழு. திரும்ப எண்ணினார். அதே எண்பத்தேழு. மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரம் ஸ்ரெல்லா மூச்சிரைக்க ஒருவரைக் கையில் பிடித்து இழுத்துவந்து கடைசி வாங்கில் இருத்தினாள். எண்பத்தெட்டு. அருளம்பலத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

வந்தவர் நரைத்த தலையர். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் ஏரம்பு.

"வாங்கோ அண்ணை. எந்தச் சோதினைக்குப் படிக்கிறியள்?"

"சோதினையோ? எண்ணிக்கை பிழைச்சால் நீங்கள் எல்லாரையும் கொண்டு அந்த மடக்கைக் கணக்கை முதலிலையிருந்து செய்விப்பியளாம் வாத்தியார். இவ்வளவு நாளும் மச்சான் மச்சாளைக் கொண்டுவந்து நிரப்பின பிள்ளையளுக்கு, இண்டைக்கு ஒராள் குறைஞ்சு போச்சாம்."