ஒரே பாறையை மூன்று தபா கடக்கும் விஞ்ஞானம்

ஒருவன் தன்னந்தனியாகச் செய்யவேண்டிய காரியத்துக்கும் ஒரு கமிட்டி போடமுடியும் என்று உலகத்துக்கு நிரூபித்த பெருமை, 1982-இல், ஜவ்வாது மலைக்கே கிடைத்தது. நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்களுக்குக்கூட இந்த யோசனை தோன்றவில்லை, பாவம்.

காவலூருக்கு அப்பால் உள்ள தேன்பாறையில் சிங்காரம் இருபது வருஷமாகத் தேன் எடுத்துவந்தான். எப்படி? வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டியதுதான், இன்னொரு ஆளின் உதவியோடு. உச்சியில் மரத்தைச் சுற்றிய கயிற்றை மச்சான் வடிவேலு பிடித்துக்கொள்வான். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு சிங்காரம் தொங்குவான். அந்த மலையில் கயிறு பிடிக்கிற உரிமை மனைவியின் உடன்பிறந்தவனுக்கு மட்டுமே உண்டு. சொந்தத் தம்பி கயிற்றை விட்டால் அவனுக்கு நிலம் சேரும். மச்சான் விட்டாலோ அக்காளும் நாலு பிள்ளைகளும் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இதனால் இதுவரை யாரும் விழவில்லை.

இப்படிப்பட்ட 'பிற்போக்கை' அரசாங்கம் எத்தனை நாள்தான் பொறுக்கும்? சாகச மேம்பாட்டுப் பிரிவிலிருந்து ஆணை வந்தது. இனி 'தனியாள் பக்கவாட்டுப் பாறையேற்றச் சான்றிதழ்' பெற்றவருக்கே தேன் பர்மிட். தேர்வு ஒரே நாள். தவறினால் அந்த வருஷத்துத் தேன் போச்சு. அடுத்த அறுவடை வரை சிங்காரம் வீட்டில் அடுப்பு எரியாது.

தேர்வதிகாரி கோபால்சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். பாறையேற்றத்தில் பழுத்த அனுபவம்: திருப்பத்தூர் குவார்ட்டர்ஸ் மதில்சுவரில் பதினோரு நாள். கையில் தட்டச்சு செய்த கையேடு. பாறை உச்சியில் ஷாமியானா போட்டுக் கமிட்டி உட்கார்ந்தது.

கோபால்சாமி வாசித்தார். "கயிற்றை இந்த முனையில் கட்டவும். பக்கவாட்டில் ஆணி அடித்து, கயிற்றை மாட்டிக்கொண்டே அந்த முனைக்குப் போய்க் கட்டவும். திரும்பி வந்து முதல் முடிச்சை அவிழ்க்கவும். ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே மறுபடி போகவும்."

"அப்போ ஒரே பாறைய மூணு தபா கடக்கணுங்களா?" என்றான் சிங்காரம்.

"ஆமாம்."

"ஆபீசுக்கு அலையற மாதிரிங்க," என்றான் சிங்காரம்.

"ஒழுங்குன்னா எங்கேயும் ஒரே மாதிரிதான்பா இருக்கும்."

வடிவேலு தயங்கித் தயங்கிக் கேட்டான். "சாருக்குக் கயிறு புடிக்க மச்சான் யாரும் வர்லீங்களா?"

கமிட்டி சிரித்தது. 'குடும்பத் தலையீடு நீக்கப்பட்டது' என்று குமாஸ்தா அருணகிரி குறித்துக்கொண்டார்.

முதலில் கோபால்சாமியே செய்துகாட்டினார். முதல் தபா போனார். இரண்டாம் தபா வந்தார். கைதட்டல். மூன்றாம் தபா, நடுவழியில் ஓர் ஆணியைப் பிடுங்கினார். அது பிடித்துவைத்திருந்தது தன்னைத்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் மெல்ல இறங்குவது எப்படி என்று சொல்லும் பதினான்காம் பக்கம் மேலிடத்து ஒப்புதலுக்குப் போயிருந்தது. ஊஞ்சலாக வீசிப் போய், பிதுங்கிய பாறைக்கு அடியில் தொங்கினார். தலைக்கு மேலே மூன்று தேனடைகள்.

'தொங்குதல் - பதிவு செய்யப்பட்டது' என்று அருணகிரி எழுதினார்.

"சிங்காரம், சீக்கிரம் வாப்பா," என்று கீழிருந்து குரல் வந்தது.

சிங்காரம் கயிற்றை இடுப்பில் கட்டினான். வடிவேலு கயிற்றைத் தொடவில்லை.

"ரெண்டாவது ஆளு இருக்கக் கூடாதுன்னாரே, மாமா. சார், நான் புடிக்கலாம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"கை காலியா இல்லடா, மச்சான்," என்றார் கோபால்சாமி, அழாத குறையாக.

மச்சான் என்று சொன்ன பிறகு மனசு கேட்குமா? வடிவேலு கயிற்றை மரத்தில் சுற்றிப் பிடித்தான். சிங்காரம் இறங்கி, குறுக்கே நகர்ந்து, தேனீக்கு முகத்தைக் கொடுத்து, அதிகாரியைத் தோளோடு அணைத்துக் கட்டினான். வடிவேலு மேலே இழுத்தான். வெயிலாக இருந்ததால் கமிட்டி ஷாமியானாவை விட்டு வரவில்லை.

எட்டாம் நாள், முகவீக்கம் முழுசாக வடியாத சிங்காரம் ஆலங்காயம் ஆபீசுக்குப் போனான். மூன்றாம் தபாவில் கோபால்சாமியைப் பார்க்க முடிந்தது. அவர் மேஜையில் அவர் பெயருக்கே ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு நின்றது. தனியாகப் போய்த் தனியாகவே தொங்கியவர் அவர் ஒருவர்தானே.

"பர்மிட்டு இன்னா ஆச்சுங்க?"

கோபால்சாமிக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "உன்ன மறக்கவே மாட்டேன், சிங்காரம். ஆனா தேர்வு அன்னிக்கு நீ இறங்கினது இன்னொருத்தன் புடிச்ச கயித்துல. ஃபெயில்தான். நான் என்ன செய்ய?"

சிங்காரம் டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தான்.

"அப்போ அன்னிக்கு உங்கள அப்படியே வுட்டுட்டு நான் பாட்டுக்குத் தனியா ஏறியிருந்தா, பாஸுங்களா?"

கோபால்சாமி கையேட்டைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, விதி தவறாதவர் ஆகையால், "ஆமாம், பாஸ்தான்," என்றார்.