கதிர் நீக்கும் பெட்டி

நகரமே திரிகாலக் கணினிக்கு முன்னால் வரிசையில் நின்றது. ஆள் முகத்தைக்கூட அது பார்ப்பதில்லையாம். முன்னால் உட்கார்ந்தால் போதும், முக்காலத்தையும் திரையில் எழுதிக் காட்டிவிடுமாம். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, இது அறிவியலா ஆன்மிகமா என்று தொண்டை கட்டும்வரை விவாதித்தார்கள். மோசடியாக இருக்குமோ என்று கேட்க ஐந்தாவது ஆளுக்கு நாற்காலி போடவில்லை.

கணினியின் சொந்தக்காரர் முன்பு கைபேசி பழுது பார்த்தவர். இப்போது மனிதர்களைப் பழுது பார்க்கிறார். பெயர் திரிகாலர்.

வகுப்பில் 'கேள்விக்குறி' என்று பட்டப்பெயர் வாங்கிய கல்லூரி மாணவிக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "எந்த இணையதளத்துக்குப் போனாலும், நீ இயந்திரம் இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டுன்னு கேக்குது. இங்க என்னடான்னா மனுஷங்க வரிசையில நின்னு, நான் யாருன்னு இயந்திரத்தைக் கேக்கறாங்க" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தாள். வினை வீட்டுக்கே வந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

அவளுக்கு வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சம்மதப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மாவோ கணினியிடம் போய்விட்டு வந்து, பேனாவைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நீ வீட்டை விட்டுப் போனா உங்கப்பா மூச்சுக்கு ஆபத்தாம். போன மாசம் அவருக்கு நெஞ்சு வலிச்சதைக்கூட அது சொல்லுச்சுடீ! அதுக்கு யார் சொன்னா?"

அம்மா தையல்காரி. இரண்டு தடவை அளக்காமல் துணியில் கத்திரி வைக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் மகளின் படிப்பில் மட்டும் அளவே எடுக்காமல் கத்திரி வைக்கிறாளே என்று கேள்விக்குறிக்கு அழுகையே வந்தது. அழுதால் கையெழுத்துக் கிடைக்காது. அதனால் கேட்டாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி என்னம்மா செய்யச் சொன்னாங்க?"

"என்ன செய்யச் சொன்னாங்க? போனைப் பெட்டியில வைக்கச் சொன்னாங்க. கதிர் நீக்கற பெட்டி. அரை மணி நேரம் வச்சா கெட்ட கதிரெல்லாம் போயிடுமாம்."

"போனைப் பூட்டியா வச்சே?"

"பூட்டினா கதிர் உள்ளயே ஒளிஞ்சுக்கும்னு வரவேற்புல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொன்னா. திறந்துதான் வச்சேன்."

பக்கத்து வீட்டுக்காரி ஊசி கேட்டால்கூடத் தையல்பெட்டியைத் தொடவிடாமல் தானே திறந்து எடுத்துக் கொடுக்கும் அம்மா! குடும்பத்தின் மொத்தக் கதையையும் முன்பின் தெரியாதவளிடம் திறந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சரி, நாளைக்கு நானும் வரேன். பரிகாரம் கேப்போம். உன் போன் வேண்டாம், வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் மகள். மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலம் தோழியின் பழைய கைபேசியை வாங்கி, கேள்விக்குறி தனக்கு ஓர் அண்ணனைப் பெற்றெடுத்தாள். வெளிநாட்டில் வேலை. சிறுநீரகத்தில் கல். 'ஸ்கேன்ல தெரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லாதே' என்று அண்ணன் குறுஞ்செய்தியில் உருக, 'கவலைப்படாதே அண்ணா' என்று தங்கை பதிலுக்கு உருகினாள். இரண்டு பக்கமும் தானே எழுதினாலும் கடைசியில் அண்ணன்மேல் அவளுக்குக் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது.

மறுநாள் அந்தக் கைபேசி பூட்டில்லாமல் பெட்டிக்குள் போனது. அரை மணி கழித்துத் தாயும் மகளும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் கூடம் நிறையக் கூட்டம். திரை மினுக்கியது. திரிகாலர் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் வருவதை அவர் எப்படிப் படித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"தாயே, மனசைத் திடப்படுத்திக்கோங்க. உங்க மூத்த பையன் ஒரு நோயை உங்ககிட்ட மறைக்கிறான்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அம்மா திருதிருவென்று விழித்தாள்.

"யாரு பையன்?"

"வெளிநாட்டுல இருக்கானே, அவன்தான். சிறுநீரகத்துல கல்லு."

"யோவ், நான் பெத்தது இது ஒண்ணுதான்! எனக்கே தெரியாம எனக்கு எப்பய்யா பையன் பொறந்தான்?"

கூடத்தின் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். திரிகாலர் கண்ணைத் திறந்தார். திறந்த வேகத்தில் ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"இது போன ஜென்மத்துப் பையன், தாயே."

"போன ஜென்மத்துலயே ஸ்கேன் எடுத்தாங்களா?" என்று கேள்விக்குறி எழுந்தாள். "அந்த அண்ணனை நேத்து சாயங்காலம் நான்தான் பழைய போன்ல எழுதினேன். எழுதினது எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லேன்னா அந்தப் பெட்டிக்குத் தெரியும்."

வரிசையில் நின்ற பேருந்து ஓட்டுநர் விறுவிறுவென்று போய்ப் பெட்டிக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையை விலக்கினார். வரவேற்பில் சிரித்த அதே பெண், மடியில் மூன்று கைபேசியும் முன்னால் ஒரு தட்டச்சுப் பலகையுமாக உட்கார்ந்திருந்தாள். "இன்னும் அரை மணி ஆகலையே" என்றாள் பாவம், பழக்கதோஷத்தில்.

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததைத் திரிகாலர் மட்டும் முன்கூட்டியே அறிந்திருந்தால் பின்வாசலைப் பூட்டாமல் வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படிவத்தை எடுத்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு முறைத்தாள்.

"என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?"

அம்மா அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தபோது வாசலில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கவலையோடு கேட்டாராம்: "இவன் போலின்னா, அசல் எங்க இருக்கான்? முகவரி தெரியுமா?"

ஐயா, கைபேசிக்குப் பூட்டுப் போடுங்கள். மூளைக்குப் போட்டிருக்கும் பூட்டை எடுங்கள். இவ்வளவு நாளும் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.