நான் அரை நிமிடம் எம்.பி.யாக இருந்தேன்

அளவுக்கு மீறி ஒத்திகை பார்ப்பவன் ஆபத்தானவன். நான் அப்படிப்பட்டவன்.

மட்டக்களப்பில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றுக்கு உதவி செய்துவருகிறேன். அதன் உறுப்பினர் யோகமலர், படுவான்கரைப் பக்கம். சக்கர நாற்காலியில் நடமாடுபவர். அவருடைய ஊர்க் கிளினிக்கின் வாசலில் படிகள்தான். மாதாமாதம் யாராவது தூக்கி ஏற்ற வேண்டும்.

"நெல்லு மூட்டை மாதிரித் தூக்குறாங்க சேர். இனிப் போகமாட்டன்," என்றார். போகவுமில்லை, மருந்து முடிந்துகொண்டிருந்தது.

வாசலில் ஒரு சாய்தளம் வேண்டுமென்று அவரே எம்.பி.யிடம் கேட்பதாக முடிவானது. நாவற்குடாவில் சங்க அறையில் ஒத்திகை. எம்.பி.யாக நடித்தது நானே. (வேறு யாரையும் நம்பும் பழக்கம் எனக்கில்லை.) கொட்டாவி விட்டேன். யோகமலர் பேசி முடித்ததும், "நிதி இல்ல புள்ள, அடுத்த வருசம் பாப்பம்," என்று கையை வீசினேன். உடனே சங்கத்தார் எல்லோரும், "எந்த மாசம் எண்டு சொல்லுங்க!" என்று கேட்க வேண்டும். பார்வையற்ற சிவலிங்கம் அண்ணன் கூடவே மேசையையும் தட்டுவார்.

"சேருக்கு இது நல்லாப் பொருந்துது. எலக்சனில நில்லுங்க," என்றார் அவர்.

சந்திப்பு நாளன்று காலையிலிருந்தே நாற்காலியின் டயருக்குத் திரும்பத் திரும்பக் காற்றடித்தேன். "வெடிக்கப் போகுது சேர்," என்றார் யோகமலர்.

அலுவலகத்தில் எம்.பி.யோ எங்கள் எல்லோருக்கும் தேநீர் தந்து, "சொல்லுங்க தங்கச்சி," என்றார். பொறுமையாகக் கேட்கும் எம்.பி.க்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. யோகமலர் அழகாகச் சொல்லி முடித்தார். எம்.பி. தாடையைத் தடவியபடி யோசித்தார். ஒத்திகையில் இந்த இடம் என்னுடையது.

"நிதி இல்ல புள்ள, அடுத்த வருசம் பாப்பம்."

குரல் என்னுடையது. கைவீச்சும்தான்.

எம்.பி.யின் முகம் தெளிந்தது. "உங்கட ஆளே சொல்லிட்டார். நான் என்ன செய்ய?" என்று எழப்போனார்.

யோகமலரின் மருந்தை என் வாயாலேயே நிறுத்திவிட்டேன்!

திடீரென்று மேசை அதிர்ந்தது; கோப்பைகள் துள்ளின. "எந்த மாசம் எண்டு சொல்லுங்க!" சிவலிங்கம் அண்ணன் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பழக்கம்!

யோகமலர் மட்டும் கத்தவில்லை. நாற்காலியை உருட்டி எனக்கும் எம்.பி.க்கும் நடுவில் நிறுத்தினார். "இவர விடுங்க ஐயா. எங்களப் பழக்க எம்.பி.யா நடிச்சவர், இன்னும் பதவிய விடல்ல. நீங்க சொல்லுங்க."

எம்.பி. சிரித்துவிட்டார். "நாங்க இப்பிடியா கதைக்கிறம்?"

"நீங்க இவரவிட நல்லம் ஐயா. அதாலதான் மாசத்தக் கேக்கிறம்."

எம்.பி. எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் அதிகாரியை அழைத்து மாதத்தையும் குறித்தார். மாரி மழைக்கு முன் சாய்தளம் வந்தது. யோகமலர் இப்போது யார் கையும் படாமல் கிளினிக்குக்குள் போகிறார்.

அடுத்த சந்திப்புக்கு என்னை ஆட்டோவிலேயே இருக்கச் சொன்னார்கள். "உள்ள ஒரு எம்.பி. போதும் சேர்."

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இன்றுவரை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "இவர் முன்னாள் எம்.பி. பென்சன்தான் இல்ல."