எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ரெண்டு பூட்டு

இன்று ஒரு நாள் வீட்டில் என் ஆட்சி நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஏழரைக்கு கிரிக்கெட் ஃபைனல். ஏழிலிருந்து ஒன்பது வரை நர்மதாவின் சீரியல். கல்யாணமானதிலிருந்து நான் ரிமோட்டைத் தொட்டது பேட்டரி மாற்ற மட்டும்தான்.

எனக்கு எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. மெஷினில் கை வைக்கும் முன் கரண்டை நிறுத்தி, பூட்டுப் போட்டு, பேர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். பூட்டியவன்தான் திறக்கலாம். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. அந்தச் சாமான் ஒரு செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டிவி வயர் சுவர் பாயிண்ட்டுக்கு எட்டாது. டிவி, சார்ஜர் எல்லாம் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ப்ளக்கைப் பிடுங்கி, கம்பெனி டப்பிக்குள் வைத்து, அதன் கொக்கியில் பூட்டுப் போட்டேன். அட்டை மாட்டினேன்: ‘அபாயம். தொடாதே. ரகுபதி வேலை செய்கிறார்.’ நர்மதா கோபித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு சீரியல் பார்க்கப் போவாள், நான் ஏழரைக்குத் திறப்பேன். இதுதான் திட்டம்.

மீன் கழுவிய ஈரக் கையோடு வந்தாள்.

“இன்னாயா இது?”

“டேஞ்சர்மே. செவுத்துல கீற பாயிண்ட்ட பாரு. உப்புக் காத்துல பச்ச பூத்துகினு கீது. நீ ஈரக் கையோட வேற தொடுற. உன் உசுரு எனக்கு முக்கியம்.”

“ஆடி மாசத்துலேர்ந்து நானும் இத்ததான் சொல்லிகினு கீறேன். அப்போ என் உசுரு முக்கியமில்லியா?”

அட்டையை நேராக்கினேன். அவள் பூட்டைத் தட்டிப் பார்த்தாள்.

“நானே தெறந்தா?”

“ஐயோ! பூட்னவன்தான் தெறக்கணும்.”

“உங்க கம்பெனில ரெண்டு பேர் வேல செஞ்சா?”

வாயை மூடியிருக்கலாம். வீட்டில் என்னிடம் யாரும் விவரம் கேட்டதில்லை. குளிர்ந்துபோனேன்.

“ஆளுக்கு ஒரு பூட்டு. கடைசிப் பூட்டு கழட்ற வரைக்கும் கரண்ட் கெடையாது. அதுக்குத்தான் கொக்கில இத்தினி ஓட்ட.”

மாடிக் கதவுப் பூட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்து ஓட்டையில் மாட்டிப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

“நானும் இந்த வூட்ல வேல செய்றவதான்” என்று கிளம்பிவிட்டாள்.

என் பூட்டைத் திறந்து என்ன பிரயோஜனம்? போனில் பார்க்கலாமென்றால் அதுவும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசா அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

“நர்மதா, சாவிய குடும்மா.”

சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “அட்டைல இன்னா எழுதிகீது?”

“ரகுபதி வேலை செய்கிறார்.”

“செய்றாரா?”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான் வாங்கியாந்த புது பாயிண்ட்டு பீரோ மேல கீது. மெயின ஆஃப் பண்ணிக்க. ரப்பர் செருப்பு போட்டுக்க. உன் உசுரு எனக்கு முக்கியம்.”

ஃபேன் இல்லாத புழுக்கத்தில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பழைய பாயிண்ட்டைக் கழற்றினேன். உள்ளே வயர் கருகிக் கிடந்தது. மேட்ச் மறந்துபோனது. தினமும் அவள் ஈரக் கையால் தொட்ட இடம் இது. ஆடி மாசமே செய்திருக்கலாம்.

வேலை முடிந்தபோது தெருவில் பட்டாசு வெடித்தார்கள். சிக்ஸரா, விக்கெட்டா என்று தெரியவில்லை. மெயினைப் போட்டு, என் பூட்டைக் கழற்றினேன். நர்மதா வந்து பார்த்து, தலையாட்டி, தன் பூட்டையும் திறந்து டிவியைப் போட்டாள்.

நான் கை கழுவிவிட்டு, ஸ்கோராவது பார்க்கலாமென்று ரிமோட்டை எடுக்கப் போனேன். அதில் என் சிவப்பு அட்டை தொங்கியது. ரகுபதியை அடித்துத் திருத்தியிருந்தாள்: ‘அபாயம். தொடாதே. நர்மதா சீரியல் பார்க்கிறார்.’