காகத்துக்கு நான் பொறுப்பு

ஜொகூர் பாருவில் காகம் கிடைக்காமல் ஒரு குடும்பம் பட்டினி கிடந்தது என்றால் இந்த ஊர்க்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். சந்தைக்குப் பின்னால், உணவுக்கடைக் கூரைமேல், பேருந்து நிலையத்தில், எங்கே பார்த்தாலும் காகம். ஆனாலும் அது நடந்தது. பட்டினி கிடந்தது என் மனைவியின் குடும்பம். காரணம் நான்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தமிழ் நாளிதழின் ஜொகூர் நிருபர். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் நகரப் பூங்காவுக்குப் போய்விடுவேன். நான்கு பக்கமும் சாலை, நடுவில் ஒரு குளம், குளத்தைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள். அவ்வளவுதான் பூங்கா. நம் நாட்டில் பருவம் கிடையாது, மழை உண்டு, வெயில் உண்டு, டுரியான் பழம் உண்டு என்பார்கள். அண்ணாந்து பார்க்காதவர்கள் சொல்வது அது. செப்டம்பர் பாதியில் ஒரு பழுப்புக் கீச்சான் வடக்கேயிருந்து வந்து, கார் நிறுத்துமிட வேலியில் போன ஆண்டு உட்கார்ந்த அதே கம்பத்தில் உட்காரும். அக்டோபரில் பஞ்சுருட்டான்கள். நவம்பர் மழையோடு தகைவிலான்கள் வந்து மின்கம்பியை நிறைக்கும். மார்ச் முடிவதற்குள் எல்லாம் கிளம்பிப் போய்விடும். நாள், நேரம், எண்ணிக்கை, பறந்த திசை என்று நான்கையும் குறிப்பேட்டில் எழுதுவேன். (அதே காலத்தில் எங்கள் திருமண நாளை இரண்டு முறை மறந்தேன். அது என் மனைவி புவனாவின் குறிப்பில் இருக்கிறது.)

வாரம் ஒருமுறை இவற்றைப் பத்திரிகையில் எட்டு வரியில் எழுதுவதும் உண்டு. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் நான் பறவை நிபுணர் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அங்கேதான் தொடங்கியது வினை.

என் மாமனார் ஓர் அக்டோபரில் இறந்தார். பக்கத்து ஊர் மாசாயில் அவர்களுக்கு வரிசை வீடு. பின்பக்க மதில்மேல் சோறு வைத்தால் காகம் வந்து நிற்கும். அவர் போனபின் அத்தை அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு எட்டாவது மாடிக்கு வந்துவிட்டார். மறு ஆண்டு முதல் திதி வந்தது. படையலில் இருந்து எடுத்து வைத்ததைக் காகம் சாப்பிட்ட பிறகே வீட்டில் மற்றவர்கள் சாப்பிடவேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கோ இரும்புக் கிராதி. எட்டாவது மாடிக்குக் காகம் வந்து நான் பார்த்ததில்லை.

"மாசாய் வீட்டுக்கே போயிறலாம்," என்றாள் புவனா.

"எதுக்கு?" என்றேன். "கீழ பூங்கா இருக்கு. எந்த மரத்துல எத்தன காக்கா, எத்தன மணிக்கு வரும், எனக்குத் தெரியும். நீங்க சமையலப் பாருங்க அத்தை. காகத்துக்கு நான் பொறுப்பு."

அத்தை என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

திதி அன்று காலை பத்தேகாலுக்குக் குளக்கரையில் இருந்தோம். அத்தை, புவனா, அவள் தம்பி குணா, நான். குணா தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவன். அன்று இரண்டு மணி ஷிப்ட். பன்னிரண்டுக்குக் கிளம்பியாகவேண்டும். பசியோடு பாலத்து நெரிசலில் நிற்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

படையலை அடுக்கும்போது ஒரு தடங்கல். பறவைகளுக்கு உணவு போடக்கூடாது என்று நகராட்சி வைத்த பலகை சரியாக அந்த இடத்தில் நின்றது. (தினமும் அந்த வழியாகப் போகிறவன் நான். அதை ஒருநாளும் படித்ததில்லை. அதில் பறவை உட்கார்ந்ததில்லை.) காவலர் ஒருவர், வயதான மலாய்க்காரர், எங்களை நோக்கி வந்தார். வாழை இலையைப் பார்த்தார், அத்தையின் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"உந்தோக் அர்வா?" என்று மெல்லக் கேட்டார். இறந்தவருக்கா என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். அவர் பலகைக்கு முன்னால் போய், அதை முதுகால் மறைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்து நின்றார்.

இலையில் சோறு, சாம்பார், வடை, மாமா விரும்பிக் குடிக்கும் கோப்பி ஒரு கிண்ணம், இலையின் ஓரத்தில் ஒரு துண்டு பப்பாளி. புவனா "கா, கா" என்று கூப்பிட்டாள். நான் சொன்னபடியே காகங்கள் வந்தன. தூங்குமூஞ்சி மரத்தில் முப்பத்தொன்று. எண்ணினேன். ஒன்று கீழே இறங்கி, புல்லில் தத்தித் தத்தி இலையை நெருங்கியது. அத்தை கையைக் கூப்பினார்.

அந்த நொடியில் வடக்கேயிருந்து ஒரு பருந்து வந்தது.

சாதாரணப் பருந்தல்ல. நீளக் கழுத்து, புறாத் தலை, வாலில் பட்டைகள். வடக்கே குளிர் தொடங்கியதும் கடல் தாண்டித் தெற்கே போகும் தேன்பருந்து. நான்கு ஆண்டுகளாக அக்டோபர் தோறும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி மட்டும் கண்டவன் நான். மாமனார் திதி என்பது மறந்துபோய், "தேன்பருந்து, தேன்பருந்து, நான் பாக்கிற முதல் தேன்பருந்து," என்று குளக்கரையில் குதித்தேன். காவலரே திரும்பிப் பார்த்தார்.

காகங்களின் கண்ணிலும் அது பட்டுவிட்டது. பருந்தைக் கண்டால் காகம் சோறு பார்க்காது. முப்பத்தொன்றும் ஒரே கூச்சலாக எழுந்து அதைத் துரத்தின. நான் பைனாகுலரை இறக்கவே இல்லை. பூங்காவைத் தாண்டி, சுங்கச்சாவடியைத் தாண்டி, நீரிணைக்கு மேல் கரும்புள்ளிகளாகி மறையும்வரை பார்த்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன்: 10.42, ஒன்று, தெற்கு.

நிமிர்ந்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மச்சான் காக்கா?" என்றான் குணா.

"தெற்க போயிருக்கு."

"தெற்கன்னா?"

"சிங்கப்பூர் பக்கம்."

"அலமாக். காக்காவும் அங்கதான் வேலைக்குப் போகுதா?"

பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடும் என்றேன். காகங்கள் எதிரியைத் தங்கள் எல்லைவரைதான் துரத்தும் என்று ஒரு சிறு விளக்கமும் கொடுத்தேன். பதினொன்று ஆனது. மைனாக்கள் வந்தன. "மைனாவுக்கா விடியக்காலம் எந்திரிச்சு வடை சுட்டேன்?" என்று அத்தை முந்தானையால் விரட்டினார். பதினொன்றரை. காகத்தின் எல்லை எதுவரை என்பது குறித்து என் நம்பிக்கை தளர ஆரம்பித்தது.

அப்போதுதான் அத்தையின் கை நடுங்குவதைப் புவனா பார்த்தாள். அத்தைக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய்.

"அம்மா, காலையில மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"சாப்பிடாமயா?"

"காக்கா சீக்கிரம் வந்துரும்னு மாப்பிள்ள சொன்னாரே."

புவனா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது. டிபன் கேரியரைத் திறந்து பாயாசத்தை நீட்டினாள். அத்தை வாயை மூடிக்கொண்டார். கோப்பி, வேண்டாம். ஒரு வாய் சோறு, வேண்டாம்.

"உங்கப்பா கோவமா இருக்காரு," என்றார். "அன்னிக்கு ராத்திரி பப்பாளி கேட்டாரு. இந்நேரத்துல வேணாம், சளி புடிக்கும், காலையில தரேன்னேன். காலையில அவரு இல்ல. அத மனசுல வச்சிருக்காரு. அதான் வரல."

இதை எங்களில் யாரிடமும் அவர் அதுவரை சொன்னதில்லை. மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்த குணா கையை இறக்கிக்கொண்டான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும். குளத்தோரப் புதரிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு பறவை வெளியே வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. ஓடி வந்தது. சோற்றைத் தொடவில்லை, வடையைத் தொடவில்லை. நேராகப் பப்பாளியைக் கொத்தியது. ஒரு கொத்து, இரண்டு, மூன்று.

அத்தையின் கண்ணில் புரை. பத்தடிக்கு அப்பால் கறுப்பு என்றால் கறுப்பு, அவ்வளவுதான் தெரியும். கன்னத்தில் நீர் வழிய, "வந்துட்டாரு," என்றார்.

"வந்துட்டாரும்மா. பப்பாளிதான் எடுத்தாரு, பாத்தீங்களா? இப்ப சாப்பிடுங்க," என்றான் குணா.

புவனா அவசரமாகச் சோற்றை உருண்டை பிடித்தாள். அத்தை வாயைத் திறந்தார்.

"அது காக்கா இல்ல அத்தை," என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியவில்லை. அமைச்சர் பேச்சில் ஓர் எண் தவறினால் தூக்கம் வராதவன் நான். யாரோ தவறு செய்கிறார்கள், எனக்குச் சரி தெரியும். வாய் தானாகத் திறந்துகொண்டது. அதோடும் நிறுத்தவில்லை. "ஆண் குயில். கண்ணப் பாருங்க, சிவப்பு. அலகு வெளிர் பச்சை. இந்தாங்க," என்று பைனாகுலரைக் கழற்றி நீட்டினேன்.

அத்தை வாயை மூடினார். உருண்டை புவனாவின் கையிலேயே நின்றது.

"மச்சான்," என்றான் குணா, "உங்க பேப்பர்ல என் பேரத் தப்பாப் போட்டீங்க. திருத்தம் வர மூணு வாரம் ஆச்சு. இதுக்கு மூணு செகண்டா?"

"வீட்டுக்கு வாங்க," என்றாள் புவனா. அவ்வளவுதான் சொன்னாள்.

எதையாவது சொல்லிச் சரிசெய்ய வேண்டுமே. தெரிந்தது பறவை ஒன்றுதான். "குயிலும் காக்காவும் ஒரு வகையில சொந்தம்தான் அத்தை," என்று உளற ஆரம்பித்தேன். "குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது. காக்கா கூட்டுலதான் முட்ட போடும். காக்காதான் அட காக்கும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "பொரிச்சப்புறம்?"

"அப்புறமும் காக்காதான் எர குடுக்கும். பறக்கிற வரைக்கும்."

"தன் புள்ள இல்லன்னு காக்காவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் ஆராய்ச்சியில சொல்றாங்க."

"ஆராய்ச்சி பண்றவங்க கெடக்கிறாங்க," என்றார் அத்தை. "தெரியும். தெரிஞ்சேதான் போடும். நீங்க கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் வேல முடிஞ்சு எங்க வந்து சாப்பிட்டீங்க?"

"உங்க வீட்லதான் அத்தை."

"உங்க சம்பளம் பத்தாதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டாரா? தட்ட எடுத்து வைன்னுதான சொல்வாரு."

அதில் சொல்ல எனக்குத் திருத்தம் ஏதும் இல்லை.

அத்தை குளத்தோரப் பறவையை நோக்கினார். அது பப்பாளியின் தோல்வரை போயிருந்தது. "அவரால வர முடியல," என்றார். "மாப்பிள்ளைய அனுப்பியிருக்காரு. சாப்பிட்டுப் போகட்டும்." பிறகு புவனாவின் கையைப் பிடித்து இழுத்து, அந்த உருண்டையை வாயில் வாங்கிக்கொண்டார்.

நாங்களும் அங்கேயே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காவலருக்கு ஒரு வடை கொடுத்தோம். அவர் பலகைக்கு முதுகைக் காட்டியபடியே அதைத் தின்றார். குணா மென்றுகொண்டே ஹெல்மெட்டைத் தேடி ஓடினான். காகங்கள் ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்ததாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. அந்த நேரம் வீட்டில் புவனா எனக்குச் சில விஷயங்களை விளக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றுமுதல் அந்தக் குடும்பத்தில் என் பெயர் குயில். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால், "குயிலுக்குப் போடுங்க, கூடு கட்டத் தெரியாது, பாவம்," என்று குணா தூரத்திலிருந்து கத்துவான். அத்தை கண் அறுவை செய்துகொண்டார். இப்போது காகம் எது, குயில் எது என்று எட்டாவது மாடியிலிருந்தே சொல்கிறார். என்னைத் திருத்தவும் செய்கிறார்.

ஒவ்வோர் அக்டோபரிலும் அதே குளக்கரையில் இலை போடுகிறோம். காகங்கள் ஒழுங்காக வந்து சாப்பிட்டுவிடுகின்றன. ஆனால் அதோடு முடிவதில்லை. "மாப்பிள்ள இன்னும் வரல," என்று அத்தை எல்லோரையும் நிறுத்திவைப்பார். அரை மணி நேரம் பார்ப்போம். குயில் பெரும்பாலும் வராது. அப்போது பப்பாளித் துண்டை எடுத்து அத்தை என் கையில் கொடுப்பார். நான் அதைக் கடைசிவரை தின்று முடித்த பிறகே மற்றவர்களுக்குச் சாப்பாடு.

பப்பாளி எனக்குப் பிடிக்காது. வாசனையே ஆகாது. இதை நான் அத்தையிடம் இதுவரை சொன்னதில்லை.