முழங்கால் மாப்பிள்ளை

"நீ மன்னிக்கும்வரை இந்தப் படிக்கட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன், என் உயிரே" என்று கண்ணாடிக்காரர் உரக்கப் படித்து முடித்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

அவர் ரிமோட்டை அழுத்தினார். திரையில், மழையில் மூடிய கதவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்த பள்ளிக்கூடத்துப் பையன் கண்ணில் நீர் ததும்ப, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

வாசலில் கீழ்வீட்டு அம்மா. கையில் ஒரு தபால் உறை.

"உங்க தபால் எங்க பெட்டியில கிடந்துது சார்."

"ரொம்ப நன்றிங்க."

நன்றி சொன்ன பிறகும் அந்த அம்மா போகவில்லை. அவர் தோளுக்கு மேலாகப் பார்வையை உள்ளே அனுப்பினார்.

"யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே."

"பேச்சுக்குரல் கேட்டுது."

கண்ணாடிக்காரருக்கு வயது ஐம்பத்தொன்பது. மனைவி போய் மூன்று மாதம் ஆகவில்லை. தனியாக உட்கார்ந்து ஒரு காதல் கார்ட்டூனை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"போன்ல பேசிட்டிருந்தேன். பழைய சினேகிதன்."

"என் உயிரேன்னு கேட்டுது."

"ரொம்பப் பழைய சினேகிதன்."

கீழ்வீட்டு அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "நல்ல சினேகிதம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கண்ணாடிக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "போயிட்டாங்க" என்றார். நாற்காலியில் யாரும் இல்லை. அதன் கைப்பிடிமேல் ஒரு புதுக் கண்ணாடி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் வேலை பார்ப்பது கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில். கண் பரிசோதனை செய்து, பவர் எழுதி, லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவதுவரை எல்லாம் அவர் கையில்தான். மனைவி படுக்கையில் விழுந்த பிறகு, சனிக்கிழமை மட்டும் நாலரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா இருந்தார். சனிக்கிழமை அவருக்கும் அரைநாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் மனைவி டிவியில் அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரைக் கண்டுபிடித்தாள். கதாநாயகன் பள்ளி மாணவன். வகுப்புத் தலைவியின்மேல் அவனுக்கு உயிர். அவள் "காலை வணக்கம்" என்றால் மயங்கி விழுவான். அவளுடைய பென்சிலைத் தவறுதலாக எடுத்துப் போய்விட்டதற்கு நாற்பது பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதுவான். எதற்கெடுத்தாலும் மண்டியிடுவான். அவன் கால்சட்டை முழங்காலில் சேறில்லாத நாளே கிடையாது. மனைவி அவனுக்கு 'முழங்கால் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள்.

அவர்கள் பேசுவது ஜப்பான் பாஷை. கீழே தமிழில் எழுத்து ஓடும்.

"ஏங்க, எழுத்து சரியாத் தெரியலை. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

அவர் படித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் மனைவியிடம் சொன்ன மிக உருக்கமான வாக்கியம், "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோ" என்பதுதான். அவர் வாயில், 'நீ சிரித்தால் என் இதயம் ரயிலைத் தவறவிடுகிறது' என்ற வரி என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

"கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி படிக்காதீங்க. அவன் அழறான் பாருங்க."

"அழறதை நான் எப்படிப் படிக்கறது?"

"இழுத்துப் படிங்க. சரி, அந்த வரியை இன்னொரு தரம். காதுல விழலை."

இரண்டாம் தரம் இழுத்துப் படித்தார். மூன்றாம் வாரத்தில் குரல் தானாகத் தழுதழுத்தது. ஐந்தாம் வாரத்தில், தூணுக்குப் பின்னால் ஒளிந்த பையனைப் பார்த்து, "அட மடையா, போய்ச் சொல்லேன்" என்று அவரே கத்தினார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வலியோடு அவள் சிரித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், எல்லாம் சனிக்கிழமைகள்.

"திரையைப் பார்க்காம என்னை ஏன் பார்க்குற?"

"எழுத்துதான் தெரியலையே. வேற எங்க பார்க்கறது?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவன் பெண்டாட்டிக்கு எழுத்து தெரியவில்லை. மறுநாளே கடையிலிருந்து லென்ஸ் பெட்டியைத் தூக்கி வந்தார். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, அவள் மூக்கில் சோதனை பிரேமை வைத்து, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு மாற்றினார்.

"இதுல தெளிவா, இதுலயா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க."

இந்தத் தொழிலில் கண் யாருடையதோ அவர் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. அவள் சொன்னதைச் சீட்டில் எழுதி, அதன்படி ஒரு கண்ணாடி செய்தார். சனிக்கிழமை போட்டுப் பார்த்துவிட்டு, "முகமெல்லாம் நல்லாத் தெரியுது, எழுத்து மட்டும் கலங்குது" என்றாள். முகம் தெரிந்து எழுத்து தெரியாத கண்ணை அவர் பார்த்ததில்லை. மருந்தின் வேலையாக இருக்கும் என்று இன்னொன்று செய்தார். இப்படி நாலு கண்ணாடி. நாலும் கலங்கின.

தொடரில் அடுத்தது கடைசிப் பருவம், பன்னிரண்டு பாகம் என்று டிவியில் அறிவித்தபோது, அவள், "அவன் அவகிட்ட நேரா சொல்லிடுவானாங்க? எனக்குத் தெரியணும்" என்றாள்.

"நான் படிச்சுச் சொல்றேன்."

முதல் பாகம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவள் போய்விட்டாள். ஐந்தாவது கண்ணாடி பாதி தேய்த்தபடி கடையில் கிடந்தது. அவர் அதை முடித்துக் கொண்டுவந்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார். சொன்ன சொல்படி சனிதோறும் படித்தார். அன்று கீழ்வீட்டு அம்மா மணியடித்தது பத்தாம் பாகத்தில்.

பதினோராம் பாகத்துக்கு முன்னேற்பாடு செய்தார். ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, தரையில் உட்கார்ந்து படித்தார். இதில்தான் தவறினார். உரக்கக் கேட்டால் அது பேச்சு. கிசுகிசுப்பாகக் கேட்டால் விவகாரம். போதாததற்கு, தரையிலிருந்து எழும்போது அவருடைய முழங்கால் கீழ்வீட்டுக் கூரையில் தொம்மென்று இடித்தது.

அன்றே மகள் போன் செய்தாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், ரயிலில் நாலு மணி நேரம்.

"அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு யார் வராங்க?"

"யாரும் வரலையே. யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. ஜன்னலைச் சாத்திக்கிட்டு கண்ணே மணியேன்னு பேசறீங்களாம்."

"கண்ணேன்னுதான் இருந்துது. மணியே இல்லை."

"அப்பா!"

"நாடகம்மா" என்றார் அவசரமாக. "கடை ஆண்டு விழாவுக்கு நாடகம். ஒத்திகை பார்க்கறேன்."

"நீங்களா? நாடகமா?"

மகள் சந்தேகத்தை வளர்க்கிறவள் அல்ல, உடனே தீர்த்துக்கொள்கிறவள். நேரே கடை முதலாளிக்குப் போன் போட்டாள். முதலாளிக்கு இளமையில் மேடை ஏறிய ஞாபகம் இன்னும் ஆறவில்லை. மறுநாள் கண்ணாடிக்காரர் கடைக்குள் நுழைந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் உள்ள ஒரு நடிகனை வெச்சுக்கிட்டு வாயைத் திறக்கலையே ஐயா. விழாவுல அரைமணி நேரம் உமக்குத்தான். யாரு கதாநாயகி? நம்ம பில் கவுண்டர் பொண்ணைப் போட்டுடலாமா?"

பில் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "வசனம் இல்லாத வேஷம்னா வரேன்" என்றாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது.

"வேண்டாம் முதலாளி. கதாநாயகி ஏற்கெனவே இருக்காங்க."

"யாரு?"

கடையில் வேலை பார்ப்பவர்களையும் கீழ்வீட்டு அம்மாவையும் தவிர அவர் சமீபத்தில் பேசிப் பழகிய பெண்மணி ஒரே ஒருவர்தான்.

"எங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த நர்ஸம்மா" என்றார்.

முதலாளி மகிழ்ச்சி தாங்காமல் மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். "கதாநாயகி கூட ரெடிம்மா. அந்த நர்ஸம்மாவாம். அப்பா ரொம்ப நாளா ரகசியமா வெச்சிருந்திருக்கார்."

சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு மகள் வந்து இறங்கினாள். கூடவே நர்ஸம்மா, கையில் பையோடு, ஒன்றும் விளங்காத முகத்தோடு. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கீழ்வீட்டு அம்மாவும் வந்துவிட்டார், கையில் இன்னொரு தபால். இந்தத் தடவை அது அவருடைய தபால்கூட இல்லை.

"உட்காருங்கப்பா. எல்லாத்தையும் நேரா பேசிடலாம்" என்றாள் மகள்.

"அஞ்சரைக்குப் பேசலாமாம்மா? அஞ்சு மணிக்கு ஒரு வேலை இருக்கு."

"அதைத்தான் பேச வந்திருக்கேன். அம்மா போய் எத்தனை நாள் ஆச்சு? உங்களுக்குத் துணை வேணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்." தப்பாக நினைக்காதவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "நர்ஸம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது?"

"அப்பாவுக்கும் உங்களுக்கும்."

நர்ஸம்மா பையைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கும்மா. எனக்கு வீட்ல ஒருத்தர் இருக்கார். அவரைச் சமாளிக்கவே நாளுக்கு நாலு கை பத்தலை."

"அப்ப உள்ள யாரு?" என்றார் கீழ்வீட்டு அம்மா. அவருக்கு இரண்டு வாரத்து உழைப்பு.

மணி ஐந்து அடித்தது. கண்ணாடிக்காரர் ஒருவரையும் பார்க்காமல் டிவியைப் போட்டார். பாட்டு வந்தது. செர்ரிப் பூ உதிர்ந்தது. முழங்காலில் சேற்றோடு ஒரு பையன் ஓடி வந்தான்.

"அட, முழங்கால் மாப்பிள்ளை" என்றார் நர்ஸம்மா.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று திரும்பினார் கண்ணாடிக்காரர்.

"நல்லாத் தெரியும். என்ன, எழுத்துதான் நான் கூட்டிப் படிக்கறதுக்குள்ள ஓடிடும்."

"இந்தக் கார்ட்டூனா?" என்றார் கீழ்வீட்டு அம்மா, ஏமாற்றத்தோடு.

"கார்ட்டூன் இல்லை, அனிமே" என்றாள் மகள், யோசிக்காமல். பிறகுதான் நாற்காலியையும் அதன் கைப்பிடியையும் பார்த்தாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குப் படிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் அவர். "இது கடைசி பாகம்."

அவர் படித்தார். முதலில் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரிதான் வந்தது. பிறகு இழுத்துப் படித்தார். பையன் ரயில் நிலையத்துக்கு ஓடினான், விழுந்தான், வகுப்புத் தலைவியின் குடையைக் கண்டுபிடித்தான். கீழ்வீட்டு அம்மா தபாலால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் நடைமேடையில் அவளெதிரே வந்து நின்றான். இந்த ஒரு தடவை அவன் மண்டியிடவில்லை.

"'நீ பக்கத்தில் இருந்தால் போதும்'" என்று படித்தார் கண்ணாடிக்காரர். "'நான் வேறு எதுவும்...'"

அதற்குமேல் எழுத்து கலங்கியது. அடுத்த வரியை மகள் படித்தாள். அது வகுப்புத் தலைவியின் வரி.

"'இதைச் சொல்ல இத்தனை நாளா?'"

தொடர் முடிந்தது. மகள் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னத்தைம்மா சொல்றது." அவர் ஐந்தாவது கண்ணாடியை எடுத்து, பழக்கத்தில் சட்டை நுனியால் துடைத்தார். "முப்பது வருஷமா ஊர்க் கண்ணெல்லாம் சரி பண்ணேன். அவளுக்கு நாலு போட்டுப் பார்த்தும் ஒண்ணு அமையலை. அவ ஆசைப்பட்டுப் பார்த்தது இது ஒண்ணுதான். அதுக்கும் பக்கத்துல ஒருத்தன் உட்கார்ந்து படிக்க வேண்டியதாப்போச்சு. எந்தப் பவர் போட்டிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

நர்ஸம்மா பையை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"கண்ணா? திங்கட்கிழமை பகல்ல அதே பாகத்தை டிவியில மறுபடியும் போடும்போது எனக்கு அத்தனை எழுத்தையும் படிச்சுச் சொன்னதே அம்மாதானே சார், கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, நீங்க படிக்கற மாதிரியே இழுத்து இழுத்து."